கருவாட்டுக்குப் போட்ட தரை

புயல் அடித்து முடித்தபோது எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. ஓலை வீடுகளைச் சொல்லவில்லை. ஓலை போனால் வேறு ஓலை. நான் சொல்வது அரசாங்கம் வரிசையாகக் கட்டிக் கொடுத்த வீடுகளை. அவற்றின் தலையில் போட்டிருந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகள் அப்பளமாக நொறுங்கித் தெருவெல்லாம் கிடந்தன. மூன்றாம் நாள்தான் வெயில் முகம் காட்டியது. தண்ணீர் லாரிக்கு நின்று இரண்டு குடம் பிடித்துக்கொண்டு நான் திரும்புகிறேன், என் நாத்தனார் அந்தத் துண்டுகளைக் குவித்து வைத்து உலக்கையால் இடித்துக்கொண்டிருக்கிறாள். கூட நான்கு பெண்கள். எல்லோருக்கும் தலை, புருவம், புடவை எல்லாம் மாவு மில்லில் நிற்பவர்களைப் போல வெளுத்திருந்தது.

நான் குடத்தை இறக்கி வைக்கவில்லை. கை தானாக விட்டுவிட்டது. அவ்வளவு நேரம் நின்று பிடித்த தண்ணீர் மண்ணோடு போயிற்று.

என் நாத்தனாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. என்னைவிட இரண்டு வயது சின்னவள். கட்டிக் கொடுத்ததும் இதே குப்பத்தில், எங்கள் சுவரை ஒட்டிய வீட்டில். அவள் புருஷனும் என் வீட்டுக்காரரும் ஒரே ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர்கள். வருகிற மீனில் விலை போகாததை, நெத்திலி, காரப்பொடி, கவலை என்று எதுவானாலும், உப்புப் போட்டுக் காயவைத்துக் கருவாடாக்குவது அவள் வேலை. அதில் அவளுக்கு ஒரே ஒரு மனக்குறை, மணல். மணலில் காயப்போட்ட கருவாடு பல்லில் நறநறவென்று கடிக்கும். சந்தையில் வியாபாரி ஒன்றை எடுத்து உதறிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளிப்பான். அந்தச் சுளிப்பை அவள் வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டுவாள். சிரிப்போம். ஆனால் அவளுக்குள் அது எரிந்துகொண்டே இருந்தது. கெட்டியாக ஒரு தரை வேண்டும் என்பதைப் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எங்கள் பழவேற்காடு ஏரிக்கரைக்காரர்களுக்குத் தரை போடத் தெரியும். கிளிஞ்சலைச் சுட்டு, நீற்றி, சுண்ணாம்பாக்கி, மணலும் செங்கல் தூளும் கலந்து, வெல்லத் தண்ணீர் தெளித்து, திமுசுக் கட்டையால் நாள்கணக்கில் இடிப்பார்கள். இங்கே ஒல்லாந்தர் என்கிற டச்சுக்காரர்களின் கல்லறை இருக்கிறதே, அது முன்னூறு வருஷமாக உப்புக் காற்றில் நிற்பதற்குக் காரணம் எங்கள் கிளிஞ்சல் சுண்ணாம்புதான் என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். செங்கல் தூளுக்குப் பதிலாக ஷீட்டுத் தூளைப் போடலாம் என்பது என் நாத்தனாரின் மூளை. வேறு எந்த ஊர்க்காரிக்கும் அது தோன்றியிருக்காது. ஒரு துண்டை உடைத்து அதன் விளிம்பை எனக்குக் காட்டினாள். வெள்ளையாக, பஞ்சு பிரிந்ததுபோல மெல்லிய நார் நீட்டிக்கொண்டிருந்தது. வலை கட்டுகிறவர்களுக்கு நாரைக் கண்டால் தனி ஆசை.

“பாரு அண்ணி, சிமெண்டும் இருக்குது, நாரும் இருக்குது. தரை வெடிக்கவே வெடிக்காது” என்றாள்.

அந்த நாரை நான் அதற்கு முன்பே பார்த்திருக்கிறேன். அவளுக்குக் கூரையாக வந்த சாமான் எனக்கு என் அப்பாவின் சட்டையில் வந்தது. நைனா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம்.

நான் பிறந்தது ஆரம்பாக்கம் பக்கம். எங்களுக்கு நெல் வயல். ஆனால் அரிசி வயிற்றுக்குத்தான் சரியாக இருக்கும், மற்றதற்கெல்லாம் சம்பளம் வேண்டும் என்று நைனா ஒரு ஷீட்டுக் கம்பெனியில் மூட்டை பிரிக்கிற வேலைக்குப் போனார். பதினாறு வருஷம். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஆள் தூசியில் நரைத்துப்போய் வருவார். என் அம்மா அந்தச் சட்டையைக் கொல்லையில் படார் படாரென்று உதறிவிட்டுத்தான் துவைக்கப் போடுவாள். ஐம்பது வயதில் அவருக்கு வரப்பில் பத்தடி நடந்தால் மூச்சு இரைக்க ஆரம்பித்தது. காச நோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையைத் தின்று தின்று வயிறு போனது, மூச்சு வரவில்லை. கடைசியில் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர்தான் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். அதுவரைக்கும் ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அந்தத் தூசி ஊசி மாதிரி நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், உடம்பால் அதைக் கரைக்கவும் முடியாது, வெளியே தள்ளவும் முடியாது, இருபது முப்பது வருஷம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு வேலையைக் காட்டும் என்று அவர் எனக்குப் புரியும்படி சொன்னார். நைனா அதற்குப் பிறகு ஒரு அறுவடைகூடப் பார்க்கவில்லை.

இதையெல்லாம் அந்தத் தெருவிலேயே நின்று சொன்னேன். சொன்னேன் என்ன, கத்தினேன். வாயில் துணியாவது கட்டுங்களடி, தண்ணீராவது தெளியுங்களடி என்று கெஞ்சினேன். ஒருத்தி சிரித்தாள். கடலில் போகிறவன் வீட்டில் வந்து தூசிக்குப் பயப்படச் சொல்கிறாளே என்றாள். இன்னொருத்தி, உன் நைனா பீடி குடித்திருப்பார் என்றாள். என் நைனா பீடியைத் தொட்டதில்லை. அதைச் சொன்னதும் இன்னும் சிரித்தார்கள். என் நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. கம்பெனியில் பதினாறு வருஷம் கிடந்தால் வரும்தான், நான் இடிக்கப்போவது நாலு நாள் என்று நியாயம் பேசினாள். நாலு நாளைக்கும் பதினாறு வருஷத்துக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

வீட்டுக்காரரிடம் போனேன். அவர் கிழிந்த வலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வலை போச்சு, இஞ்சின் போச்சு, உனக்குத் தூசிதான் கவலையா என்றார். கூரை கணக்கெடுக்க வந்த அதிகாரியிடம் போனேன். அவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். தலையை ஆட்டினார். மனு எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தேன். இருபது நாள் கழித்து நிவாரணம் என்று ஒரு லாரி வந்தது. உள்ளே என்ன இருந்தது என்கிறீர்கள்? புது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு. வீட்டுக்கு எட்டு. இந்த வயிற்றெரிச்சலை எங்கே போய்ச் சொல்ல? தெருவெங்கும் ரம்பம் போட்டு அதை அறுத்தார்கள். எங்கள் வீட்டுக் கூரைக்கும் அதேதான் ஏறியது. நான் தார்ப்பாயே போதும் என்று சண்டை போட்டேன். மழைக்கு உன் நியாயம் ஒழுகும் என்றார் வீட்டுக்காரர்.

தரை பிரமாதமாக வந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆளுக்கு ஆள் வந்து மிதித்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். நாத்தனார் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பின்னால், கடலைப் பார்த்த மாதிரி, இரண்டு படகு நீளத்துக்குப் பளிச்சென்று இருந்தது. அதில் காய்ந்த நெத்திலி வெள்ளிக் காசாக மின்னியது. வியாபாரி முகம் சுளிப்பதை விட்டான். என் நாத்தனார் அன்றைக்கு எனக்கு ஒரு முறம் நெத்திலிக் கருவாட்டைக் கொண்டுவந்து வைத்து, மண் கடித்தால் என் பல்லை உடை அண்ணி என்றாள். நான் அதைத் தொடவில்லை. கோபித்துக்கொண்டு போனாள். எனக்கு அந்தக் கருவாட்டில் குற்றம் இல்லை என்று தெரியும். தின்னத்தான் மனம் வரவில்லை.

பளபளப்பு நாலு மாதம்கூட இருக்கவில்லை. ஷீட்டுத் தூள் சுண்ணாம்போடு சேரவில்லையோ, உப்புத் தண்ணீர் இறங்கியதோ, மேல்தோல் மாவாக உதிர ஆரம்பித்தது. அவள் என்ன செய்வாள்? விடியற்காலையில் மீன் பரப்புவதற்கு முன்னால் துடைப்பத்தால் வரட்டு வரட்டென்று பெருக்குவாள். சாயங்காலம் கருவாட்டை வாரிவிட்டு மறுபடியும் பெருக்குவாள். சுத்தக்காரி. ஒரு செதில் கிடந்தால் தூக்கம் வராது. கடல் காற்று அந்தத் தூசியைத் தூக்கி எங்கள் சமையல் கட்டுக்குள் கொண்டுவரும். நான் தண்ணீர் தெளித்துவிட்டுப் பெருக்கு என்று காலையில் ஒரு பாட்டு, மாலையில் ஒரு பாட்டு. ஈரத்தில் போட்டால் கருவாடு புழுத்துப்போகும் என்று அவள் எதிர்ப்பாட்டு. அவள் சொன்னதும் பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

ஒரு நாள் அவளுக்கு இருமல். சளியோ காற்றோ, சாதாரண இருமல்தான். பெருக்கிக்கொண்டே இருமினாள், இருமிக்கொண்டே பெருக்கினாள். எனக்கு என் நைனாவின் இருமல் காதில் விழுந்தது. என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. மூலையில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய் அந்தத் தரையைக் குத்த ஆரம்பித்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு அதுவும் இல்லை. அவள் என் கையைப் பிடித்தாள். உதறிவிட்டேன். நடுப்பகல் வெயில், காய்ந்த தரை, கடல் காற்று. ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் பெயர்த்துப் போட்டேன். புகை மாதிரி கிளம்பியது. அதற்குள் நின்றுதான் அவள் அழுதுகொண்டிருந்தாள்.

“இது என் தரை அண்ணி. உன்ன இன்னா கேட்டேன் நான்?” என்றாள்.

அதோடு எங்களுக்குப் பேச்சு நின்றது. எங்கள் குப்பத்தில் இரண்டு பெண்களுக்குப் பேச்சு நின்றால் அதற்கு ஒரு சட்டம் உண்டு. யார் முதலில் வாயைத் திறக்கிறாளோ அவள் தோற்றவள். ஆண்கள் ஒரே படகில் போய்வருவார்கள், பிள்ளைகள் ஒரே தட்டில் தின்னும், நாங்கள் இருவரும் ஒரே குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு ஆளுக்கொரு திசையைப் பார்த்து நிற்போம். சிலருக்கு வருஷக்கணக்கில் நடக்கும். வேறொருத்தி வழியாகச் சேதி சொல்லி அனுப்புவதும் தோல்விதான். நான் நியாயம் என் பக்கம் என்று நிமிர்ந்து திரிந்தேன்.

சண்டை நடந்த இரண்டாம் நாள் பழவேற்காட்டில் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. நான் போனேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, சொல்லிக்கொள்ளத்தான் போனேன். அங்கே ஒரு பெண் டாக்டர் இருந்தார். நைனா கதை, தரைக் கதை எல்லாம் சொல்லி, ஒருத்தியும் கேட்கவில்லை டாக்டர், கடைசியில் நானே உடைத்துப் போட்டுவிட்டேன் என்று பெருமையாக முடித்தேன். அவர் என்னைப் பாராட்டுவார் என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அதற்காகத்தான் காத்திருந்தேன்.

“உடைக்கும்போது தண்ணி ஊத்தி நனைச்சீங்களா?” என்று கேட்டார்.

இல்லை என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். அது கெட்டியாகக் கிடக்கும்வரை ஆபத்து குறைவு, உடைத்தால்தான் மோசம், மேலே ஒரு சிமெண்ட் பூச்சுப் பூசி மூடியிருந்தாலே போதும் என்றார். போனது போகட்டும், கிடக்கிற குவியலைக் காய்ந்தபடி யாரும் தொடக் கூடாது, துடைப்பம் போடவே கூடாது, நன்றாக நனைத்து, சாக்கில் கட்டி, ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள், இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள் என்றார். கோபப்படாமல்தான் சொன்னார்.

பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். பின்பக்கம் நாத்தனார் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பெயர்ந்த துண்டுகளை முறத்தில் வாரிக் கூடையில் கொட்டிக்கொண்டிருந்தாள். தூள் கிளம்பிக்கொண்டிருந்தது. வாருவது, கொட்டுவது, பெருக்குவது. என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாலு எட்டு வைத்தால் அவள் கை எனக்கு எட்டும். ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுபோய் எதுவும் பேசாமல் அந்தக் குவியலில் ஊற்றியிருக்கலாம். அதுகூடச் செய்யவில்லை. நான் பெருக்கியது தப்பென்றால் நீ உடைத்தது அதைவிடத் தப்பு என்று அவள் வாயால் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. அவளே முதலில் பேசட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று உள்ளே போய் உலை வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் துடைப்பச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அன்றைக்கும், மறுநாளும். மூன்றாம் நாள் இடம் துடைத்துவிட்டதுபோல ஆகிவிட்டது. பழையபடி மணலில் கருவாடு போட்டாள்.

பதினோராம் நாள் அவள்தான் பேசினாள். என் பெரியவளுக்குக் காய்ச்சல் என்று கஷாயம் கொண்டுவந்தாள். நான் ஜெயித்தேன். அந்த டாக்டர் சொன்னதை அன்றும் சொல்லவில்லை. சுத்தமாகிவிட்ட இடத்தைப் பற்றி இனி என்ன பேச்சு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இருபத்தோரு வருஷம் ஆகிவிட்டது. அதற்குள் என் பிள்ளைகளுக்குக் கல்யாணம், அவள் பிள்ளைகளுக்குக் கல்யாணம். எங்கள் வீட்டுக் கூரையைத் தளமாக மாற்றினோம். ஷீட்டை இறக்கும்போது ஆட்களை நிற்கவைத்து நனைத்து நனைத்து இறக்கினேன். அண்ணிக்குத் தண்ணீர்ப் பைத்தியம் என்று அவள் சிரித்தாள். பத்து வருஷத்துக்குப் பிறகு நான் அவளை நச்சரிக்க ஆரம்பித்தேன். ஒரு எக்ஸ்ரே படம் எடுத்துவிடு, நெஞ்சைக் காட்டிவிடு என்று. எனக்கென்ன கேடு என்பாள். நல்ல நாள் பெரிய நாளில்கூட விடமாட்டேன். எரிந்து விழுவாள். ஊரில் யார் காதிலும் ஏறாததை அவள் காதில் ஏற்றியே தீருவது என்று நின்றேன். அது அக்கறை என்று எல்லோரும் நினைத்தார்கள். பாதி அக்கறைதான்.

போன வருஷம் பழவேற்காட்டுப் பாலத்தில் ஏறும்போது அவள் நடுவில் நின்றாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள். வயசாகுது அண்ணி என்றாள். வயசு எனக்குத்தான் அவளைவிட அதிகம். மறுநாள் முதல் பஸ்ஸில் இருவரும் பட்டணத்துக்குப் போனோம். நீயும் எடுத்தால் நானும் எடுப்பேன் என்று நிபந்தனை போட்டாள். எடுத்தேன்.

படங்களை வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்தார் டாக்டர். என் படத்தில் ஒன்றுமில்லை என்றார். அவள் படத்தில் நுரையீரலைச் சுற்றியிருக்கிற உறை தடித்திருக்கிறது, நுரையீரலிலும் கொஞ்சம் தழும்பு மாதிரி தெரிகிறது, ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். எனக்கு அந்தச் சின்ன அறையில் உட்கார இடம் தெரியவில்லை. பதினாறு வருஷம் அந்தச் சட்டை உதறிய வீட்டில் வளர்ந்தவள் நான். கடப்பாரை பிடித்தவளும் நான். என் நெஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கிறது.

தூசியில் எங்கேயாவது வேலை செய்தீர்களா என்று அவளிடம் கேட்டார். அவள் ஷீட்டு இடித்ததைச் சொன்னாள், நாலு மாதம் பெருக்கியதைச் சொன்னாள். பிறகு தரையை எடுத்துவிட்டோம் சார் என்று முடித்துக்கொண்டாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எப்படி எடுத்தீர்கள் என்றார் டாக்டர். அப்போதுதான் நான் பேசினேன். காய்ந்த தரையைக் கடப்பாரையால் குத்தினேன் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. முகாமில் அந்தப் பெண் டாக்டர் சொன்னது, நனைக்கச் சொன்னது, தொடக் கூடாது என்றது, வீட்டுக்கு வந்து பார்த்தபோது இவள் வாரிக்கொண்டிருந்தது, பேச்சு நின்றிருந்ததால் நான் உள்ளே போய்விட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டார். கரைப்பதற்கு மருந்து இல்லை, வருஷா வருஷம் வந்து காட்ட வேண்டும், மூச்சு அதிகமாக வாங்கினால் உடனே வரவேண்டும் என்று சொல்லிச் சீட்டைக் கொடுத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். பொன்னேரி தாண்டும்வரை அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மறுபடியும் பேச்சு நின்றுவிட்டது என்று நினைத்தேன். இந்தத் தடவை நான்தான் முதலில் பேச வேண்டும் என்று வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவள் திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை. தெரியாமல்தான் கேட்டாள்.

“தெருவே கேக்குற மாதிரி கத்துவியே அண்ணி. அன்னிக்கு மட்டும் ஏன் சும்மா இருந்த?”